பச்சை மூடி போட்ட டயர்: செட்டிநாட்டுக் கார்களுக்கு நைட்ரஜன் தேவையா?

காரைக்குடியில் செக்காலை சாலையிலோ நூறடிச் சாலையிலோ டயர்க் கடைக்குள் காரை விட்டால் இப்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "நைட்ரஜனாண்ணே, சாதாக் காத்தாண்ணே?" என்பதுதான். நைட்ரஜன் என்றால் டயருக்கு 20 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, கடைக்குக் கடை மாறும். சாதாக் காற்று இலவசம், அல்லது கொடுப்பதை வாங்கிக்கொள்வார்கள். நைட்ரஜன் அடித்ததற்கு அடையாளமாக வால்வில் பச்சை மூடி மாட்டிவிடுவார்கள். அப்படி என்ன விசேஷம் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: டயர் சூடாகாது, வெடிக்காது, காற்று இறங்கவே இறங்காது, மைலேஜ் கூடும், ரிம் துருப்பிடிக்காது, டயர் கூடுதல் நாள் உழைக்கும்.

இவற்றில் சில முழுப் பொய். சில, கொஞ்சம் உண்மை. ஒன்றிரண்டு உண்மைதான், ஆனால் நம் காருக்குப் பெரிதாகப் பொருந்தாது. எது எந்த வகை என்று தெரியாமலே நாம் பச்சை மூடியோடு நெடுஞ்சாலை ஏறுகிறோம். நூறு இருநூறு ரூபாய் செலவு பற்றி எனக்குக் கவலையில்லை. பச்சை மூடியை நம்பி, டயரின் அழுத்தத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிற பழக்கம் வளர்ந்து வருவதுதான் கவலை.

முதலில் டயரிலிருந்து காற்று எப்படி இறங்குகிறது என்பதைப் பார்ப்போம். வால்வில் கசிவில்லை, ஆணி குத்தவில்லை, ரிம்மும் டயரும் நன்றாகப் பொருந்தி இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இறங்கும். ரப்பர் நம் கண்ணுக்குத்தான் கெட்டியான பொருள். வாயு மூலக்கூறுகள் அதற்குள் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. இயற்கை ரப்பரில் இந்தக் கசிவு மிக அதிகம். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும், 1930களின் மந்தத்தில் அடமானத் தோட்டங்களையே கைப்பற்றியும் தொழில் செய்த நகரத்தார் வீடுகளுக்கு அந்த ரப்பரின் பலமும் பலவீனமும் நன்றாகத் தெரிந்திருக்கும். இழுவைக்கு அது மிக நல்லது, காற்றைப் பிடித்து வைக்க மட்டும் ஆகாது. அந்தக் குறையைத் தீர்த்தது, 1937இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் உருவான பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். இன்றைய டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் பளபளவென்று ஒரு மெல்லிய படலம் தெரியும் அல்லவா, அது இந்தப் பியூட்டைல் வகைதான். காற்றைக் காப்பது அந்தப் படலம். அதன் மேல் சுற்றியிருக்கும் மற்ற ரப்பரெல்லாம் பாரம் சுமக்கவும் சாலையைப் பிடிக்கவும்தான்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான். ஆக்சிஜன் மூலக்கூறு நைட்ரஜனைவிடக் கொஞ்சம் மெலிந்தது. ரப்பரில் கரைவதும் அதற்குத்தான் எளிது. இரண்டும் சேர்ந்து, அதே படலத்தின் வழியாக ஆக்சிஜன் மூன்று நான்கு மடங்கு வேகமாக வெளியேறுகிறது. ஆகவே ஆக்சிஜனைக் குறைத்து நைட்ரஜனைக் கூட்டினால் டயர் மெதுவாக இறங்கும் என்ற வாதத்தின் அடிப்படை சரியே. ஆனால் எவ்வளவு மெதுவாக?

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் 2006 செப்டம்பரில் 31 வகை டயர்களை எடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் நைட்ரஜனும் ஒன்றில் சாதாக் காற்றும் 30 பி.எஸ்.ஐ. அளவுக்கு அடித்து, திறந்த வெளியில் ஓராண்டு வைத்தது. ஆண்டு முடிவில் காற்று டயர்கள் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தன. நைட்ரஜன் டயர்கள் 2.2. வித்தியாசம் 1.3 பி.எஸ்.ஐ., அதுவும் பன்னிரண்டு மாதத்தில். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: நைட்ரஜன் டயர் இறங்கும் வேகம் சாதாக் காற்று டயரின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. "இறங்கவே இறங்காது" என்பது தவறு, "கொஞ்சம் மெதுவாக இறங்கும்" என்பது சரி.

இந்த 1.3 என்பதைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பாதைக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, கல்லல் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரம் சீமைக் கருவேலம்தான். காரை நிழலுக்கு ஒதுக்கினாலும், கண்மாய்க் கரையில் திருப்பினாலும், கோயில் திடலில் நிறுத்தினாலும் டயர் அந்த முள்ளைத் தொடாமல் வராது. டியூப் டயர் காலத்தில் முள் ஏறினால் அங்கேயே உட்கார்ந்துவிடும், உடனே தெரிந்துவிடும். டியூப்லெஸ் டயரில் அப்படியில்லை. முள் முறிந்து உள்ளேயே தங்கும். அது குத்திய துளையை அதுவே பாதி அடைத்துக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ., இரண்டு பி.எஸ்.ஐ. என்று சத்தமில்லாமல் கசியும். ரிம் விளிம்பில் செம்மண் தூசி ஏறி அங்கே ஒரு கசிவு, வால்வு ஊசி பழசாகி அங்கே ஒரு கசிவு என்று இவையும் சேரும். துளை வழியாகப் போகும் வாயுவுக்கு ஆக்சிஜன், நைட்ரஜன் என்ற பேதமில்லை, இரண்டும் சேர்ந்தே போகும். ஓராண்டில் 1.3 பி.எஸ்.ஐ. மிச்சம் பிடிக்கும் நைட்ரஜனால், ஒரே வாரத்தில் அதை வாங்கிவிடும் முள்ளை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, பச்சை மூடிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்ற விஷயம். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஆனால் நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு.

கடையில் இருக்கும் இயந்திரம் எங்கிருந்தோ நைட்ரஜனைக் கொண்டுவருவதில்லை. பக்கத்தில் ஓடும் அதே கம்ப்ரஸரின் காற்றை வாங்கி, வடிகட்டி, ஈரத்தை எடுத்து, ஆக்சிஜனைப் பெரும்பாலும் நீக்கி அனுப்புகிறது. சில இயந்திரங்களில் கரி போன்ற நுண்துளைப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் நுண்ணிழைக் குழாய்களின் வழியே ஆக்சிஜன் முந்தி வெளியேறிவிடும். நல்ல நிலையில் பராமரித்தால் வெளிவருவதில் 95 சதவீதமோ அதற்கு மேலோ நைட்ரஜன் இருக்கும். அந்த ஃபில்டரைக் காலத்தில் மாற்றாவிட்டால் இருக்காது. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இயந்திரம் நன்றாகவே இருக்கிறது என்று கொள்வோம். முழுவதும் காற்று இறக்கிய டயருக்குள்ளும் ஒரு வளிமண்டல அளவு, அதாவது 14.7 பி.எஸ்.ஐ. சாதாக் காற்று இருந்துகொண்டுதான் இருக்கும். அதன் மேல் 33 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் ஏற்றினால் மொத்தம் 47.7. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பழைய காற்று. கணக்குப் போட்டால் உள்ளே ஆக்சிஜன் 10 சதவீதம் இருக்கும். மறுபடி முழுக்க இறக்கி மறுபடி ஏற்றினால்தான் ஆறரைக்கு வரும். ஆகவே ஒழுங்காக நைட்ரஜன் அடிப்பது என்றால் இரண்டு முறை இறக்கி ஏற்ற வேண்டும். நான்கு டயருக்கும் அப்படிச் செய்ய நேரம் பிடிக்கும்.

பல இடங்களில் நடப்பது வேறு. 28இல் நிற்கும் டயரில் எதையும் இறக்காமல், நைட்ரஜன் குழாயை மாட்டி 33 ஆக்கி, பச்சை மூடியைத் திருகிவிடுகிறார்கள். இப்போது உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு? 21 சதவீதமாக இருந்தது 19.3 ஆகியிருக்கும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் நைட்ரஜனுக்குக் காசு கொடுத்துச் சாதாக் காற்றோடு வீட்டுக்குப் போகிறார். கடைக்காரர் ஏமாற்ற நினைத்துச் செய்வதென்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான கடைப் பையன்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தந்ததில்லை. முழுசாக இறக்கச் சொல்லிக் கேட்டால் செய்துதான் தருகிறார்கள். கேட்க வேண்டியது நாம்.

வெப்பத்துக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டில் நிழலிலேயே 38, 40 டிகிரி. தார்ச்சாலையின் மேற்பரப்பு அதைவிட வெகு அதிகம். இந்த வெயிலைக் காட்டித்தான் நைட்ரஜன் அதிகம் விற்கிறது: "கூலா இருக்கும்ணே, பிரஷர் ஏறாது." இது இயற்பியலுக்கு ஒவ்வாத பேச்சு. மூடிய கலத்துக்குள் இருக்கும் எந்த வாயுவும், டயரில் நாம் காணும் வெப்ப, அழுத்த நிலைகளில், வெப்பத்துக்கேற்ப ஒரே விகிதத்தில்தான் அழுத்தம் கூடும். பிளஸ் டூ இயற்பியல் படித்த பிள்ளை ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டும்: 33 பி.எஸ்.ஐ. டயரில் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். நைட்ரஜனுக்கும் அதே ஒன்றரைதான், காற்றுக்கும் அதே ஒன்றரைதான். ஓடும் டயர் சூடாவது உள்ளே உள்ள வாயுவால் அல்ல. பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்வதால் ரப்பருக்குள்ளேயே பிறக்கும் வெப்பம் அது. அழுத்தம் குறைந்தால் மடங்குவது கூடும், சூடும் கூடும். டயரைக் குளிர்ச்சியாக வைப்பது சரியான அழுத்தம் மட்டுமே.

ஓர் இடத்தில் நைட்ரஜன் பக்கம் நியாயம் உண்டு. அது ஈரம். நீராவி மற்ற வாயுக்களைப் போல நடந்துகொள்வதில்லை. டயருக்குள் தண்ணீர்த் துளியாகத் தங்கியிருந்தால், சூடாகச் சூடாக அது ஆவியாகி அழுத்தத்தைத் தனியாக ஏற்றும். 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தண்ணீரே இரண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடுதலாக ஏற்றப் போதும். நைட்ரஜன் இயந்திரம் ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறது. பந்தயக் கார்க்காரர்கள் நைட்ரஜனை விரும்புவதற்கு முக்கியக் காரணமும் இந்த உலர்ந்த தன்மைதான். அவர்களுக்கு அரை பி.எஸ்.ஐ. வித்தியாசமும் வளைவில் தெரியும்.

ஆனால் இந்த ஈரத்துக்குச் செலவில்லாத வழியும் இருக்கிறது. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகி கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தேங்கும். அந்தத் தொட்டிக்கு அடியிலேயே ஒரு திருகு குழாய் வைத்திருப்பார்கள். தினமும் காலையில் அதைத் திறந்து வடித்துவிட வேண்டும். திறந்ததும் முதலில் வெளியே பீய்ச்சுவது துருவும் எண்ணெயும் கலந்த பழுப்புத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக வரும். வடித்தால் அந்தத் தண்ணீர் தரையில் போகும். வடிக்காவிட்டால் குழாய் வழியாக நம் டயருக்குள் போகும். ஒரு பஞ்சர் கடையின் தரத்தை அறிய எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது: "அண்ணே, டேங்க்குத் தண்ணி எப்ப வடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வந்தால் அங்கே சாதாக் காற்றே தாராளமாக அடிக்கலாம்.

நைட்ரஜன் வெடிக்காது என்ற பேச்சுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது, அது கட்டுக்கதை அல்ல. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ சிட்டியிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 மலையில் விழுந்து நொறுங்கி 167 பேர் இறந்தார்கள். பிரேக் அளவுமீறிச் சூடாகி, நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாக் காற்று அடித்திருந்த டயர் பறக்கும்போதே வெடித்து, எரிபொருள் குழாய்களையும் ஹைட்ராலிக் குழாய்களையும் அறுத்தது காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கொதிக்கும் பிரேக்கின் வெப்பத்தில் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து எரியக்கூடிய ஆவியாகும். உள்ளே ஆக்சிஜனும் இருந்தால் அது பற்றி வெடிக்கும். 1987இல் அமெரிக்க விமானத் துறை நைட்ரஜனைக் கட்டாயமாக்கியது. பிரேக் உள்ள சக்கரங்களின் டயர்களில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பெரிய விமானங்களுக்கு இன்றும் விதி. சுரங்கங்களில் ஓடும் ராட்சத லாரிகளுக்கும் இதே காரணத்துக்காக நைட்ரஜன் அடிக்கிறார்கள்.

நம் காரில் நடக்கும் டயர் வெடிப்பு இந்த வகையே அல்ல. அது உள்ளே தீப்பற்றி வெடிப்பதில்லை. அழுத்தம் குறைந்து, பாரம் கூடி, வேகத்தில் பக்கச் சுவர் மடங்கி மடங்கி, உள்ளிருக்கும் நூலும் ரப்பரும் பிரிந்து கிழிவது. கிழிகிற டயருக்குள் என்ன வாயு இருந்தால் என்ன?

இருந்தும் நம் நாட்டில் பேச்சு நைட்ரஜன் பக்கமே போயிற்று. யமுனா விரைவுச் சாலையில் பேருந்து கால்வாயில் விழுந்து 29 பேர் இறந்த 2019 ஜூலையில், டயருக்கு நைட்ரஜன் நிரப்புவதையும் ரப்பரில் சிலிக்கான் கலப்பதையும் கட்டாயமாக்க யோசிப்பதாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் சொன்னார். அது நாடெங்கும் செய்தியானது. டயர்க் கடைகளில் நைட்ரஜனுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. மகாராஷ்டிரத்தில் 2022 டிசம்பரில் திறந்த நாக்பூர், ஷீரடி சம்ருத்தி விரைவுச் சாலையில் விபத்துகள் தொடர்ந்தபோது போக்குவரத்துத் துறை எடுத்த நடவடிக்கைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளை நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். காருக்கு டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்ற விதி நம் மோட்டார் வாகன விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. மொட்டை டயருக்குள் நைட்ரஜன் இருந்து என்ன பயன்?

மைலேஜ் விஷயத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம். நைட்ரஜனால் நேரடியாக உருளும் தடை குறையவில்லை என்று மேலே சொன்ன 2009 ஆய்வே தெளிவாகச் சொல்லிவிட்டது. சரியான அழுத்தம் நீடித்தால் மட்டுமே லாபம். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆண்டு முழுக்கக் காற்றே பார்க்காத ஒருவர், ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டி, லிட்டருக்கு 18 கி.மீ. பெறுகிறார் என்றால் நைட்ரஜனால் அவருக்கு மிச்சமாவது ஆண்டுக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல். நான்கு டயருக்கு நைட்ரஜன் அடிக்கும் செலவே அதை விழுங்கிவிடும். மாதம் ஒருமுறை காற்றுப் பார்ப்பவருக்கு அந்த முக்கால் லிட்டரும் கிடையாது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே அதை மிச்சம் பிடித்துவிட்டார்.

துருவைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்கு வெளியூரார் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. உலோக அரிப்பு அதன் முதன்மை ஆய்வுத் துறைகளில் ஒன்று. அரிப்பின் பாலபாடம் இதுதான்: இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். உலர்ந்த சாதாக் காற்றில் ரிம் துருப்பிடிக்காது. ஈரம் கலந்த காற்றில் பிடிக்கும். ஆக, இதுவும் மறுபடி கம்ப்ரஸர் தொட்டியின் அடிக்குழாய்க் கதைதான். தவிர, நம் ரிம்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே கெடுகின்றன. டயர் உட்காரும் விளிம்பில் பெயின்ட் உரிந்து, மழைத் தண்ணீர் ஏறி, அங்கே துரு பொருக்குத் தட்டி, அதன் வழியாகக் கசிவு வரும். டயரைக் கழற்றும்போது அந்த விளிம்பை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்வது நைட்ரஜனைவிடப் பயன் தரும்.

டயரின் ஆயுள் என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ரப்பருக்கு ஆக்சிஜன் எதிரி. உள்ளிருந்து அழுத்தத்தோடு ஊடுருவும் ஆக்சிஜன் எஃகு வலைக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பை வருடக்கணக்கில் தளர்த்துகிறது. ஆய்வகத்தில் டயரைச் சீக்கிரம் கிழடாக்கிப் பார்க்க, அதில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கலந்த வாயுவை அடித்துச் சூட்டடுப்பில் வைப்பார்கள் என்பதே இதற்குச் சான்று. நைட்ரஜன் அடித்த டயர்கள் அதே சோதனையில் மெதுவாகவே முதிர்ந்தன. தினமும் ஓடும் வாடகைக் காருக்கு இதனால் பலனில்லை. டயர் மூப்படையும் முன்பே தேய்ந்துவிடும். ஆனால் தேயாமலே மூப்படையும் டயர்கள் செட்டிநாட்டில் நிறைய இருக்கின்றன.

நகரத்தார் ஊர்களின் வீட்டு முகப்புகளைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். குடும்பம் சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ. பெரிய வீட்டில் ஒரு கார் உறை போட்டு நிற்கும். கல்யாணம், சாந்தி, மாசி மகம், குலதெய்வப் படைப்பு என்று ஆண்டில் சில முறை வெளியே வரும். ஐந்தாறு ஆண்டாகியும் டயர் புதுசு போலவே பள்ளம் பள்ளமாக இருக்கும். பக்கச் சுவரில் பார்த்தால் நான்கு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரத் தயாரிப்பு. பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துப் புது டயர் என்று நினைப்பவர்கள் இந்த இலக்கத்தைப் பார்ப்பதில்லை. உட்காரவைத்த காரில் பாரம் ஒரே இடத்தில் அழுந்தி டயரில் தட்டை விழும், பக்கச் சுவரில் மயிர்க்கோடாக வெடிப்பு தெரியும். யாரும் மாதாமாதம் காற்றுப் பார்க்கப் போவதில்லை. நைட்ரஜனுக்கு நேர்மையான இடம் இந்தக் காரில் இருக்கிறது. மெதுவாக இறங்கும், உள்ளே மெதுவாக முதிரும். அதற்காக நூறு இருநூறு ரூபாய் கொடுப்பது தப்பில்லை. ஆனால் அது காற்றுப் பார்க்காமல் கிளம்புவதற்கான அனுமதி ஆகாது.

இந்த அனுமதியாகத்தான் பச்சை மூடியைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். குன்றக்குடிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் பார்த்தது. ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் கும்பிட்டு வரக் கிளம்பிய குடும்பம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இரணியூர் என்று சுற்ற வேண்டும். வண்டியில் ஏழு பேர், மேலே சாமான். பின் டயர் கண்ணுக்கே தெரியும்படி அமுங்கியிருந்தது. காற்றடிக்கும் பையன் கேஜ் வைத்துப் பார்த்து 24 என்றான். குழாயை எடுத்தவனை டிரைவர் தடுத்தார். "பச்ச மூடி தம்பி, நைட்ரஜன். சாதாக் காத்தக் கலந்தா டயர் போயிரும்னு கடையில சொல்லியிருக்காங்க. திருப்பத்தூர் போயிப் பாத்துக்கலாம்." பின்னால் இருந்த ஆச்சி, "காத்தடிக்கிறதுக்கு என்னப்பா யோசனை, அடிச்சிட்டுக் கெளம்பு" என்றார். டிரைவர் கேட்கவில்லை. ஏழு பேர் பாரத்தோடு 24இல் அந்த வண்டி போயிற்று.

ஆச்சி சொன்னதுதான் அறிவியல். நைட்ரஜனும் சாதாக் காற்றும் கலந்தால் ஒரு கெடுதலும் கிடையாது. சாதாக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தானே. சுத்தமான நைட்ரஜன் அடித்த, 5 சதவீதம் ஆக்சிஜன் உள்ள டயர் 24க்கு இறங்கி, அதில் சாதாக் காற்றை 33 வரை ஏற்றினாலும் ஆக்சிஜன் 8 சதவீதத்துக்குத்தான் போகும். கொடுத்த காசில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். ஒன்பது பி.எஸ்.ஐ. குறைவாக ஓட்டுவதுதான் டயரையும் ஆளையும் கொல்லும். கலக்கக் கூடாது என்று வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்பும் கடைகள் அதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இது ஒன்றை வீட்டில் கார் ஓட்டுபவர்களிடம் சொல்லிவையுங்கள்.

காற்று எப்போது பார்ப்பது என்பதிலும் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்கு முன் பார்ப்பதே கணக்கு. மே மாத மத்தியானம் 40 டிகிரியில் 33 வைத்துவிட்டு, மார்கழி விடியலில் 22 டிகிரியில் பார்த்தால், ஒரு துளிக் கசிவு இல்லாமலே அது 30ஆகத்தான் இருக்கும். மேலூர் வழியாக மதுரையிலிருந்து ஓடிவந்த சூட்டோடு பார்த்தால் 37, 38 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் குறைந்துவிடும். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் முழுப் பாரத்துக்கு ஸ்டிக்கரில் தனி அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பின் டயரில் கூட்டிக்கொள்ள வேண்டும். புதுக் கார்களில் வரும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கை நம்பி இருந்துவிடவும் கூடாது. அமெரிக்க விதி, அழுத்தம் கால் பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும் என்கிறது. 33 பி.எஸ்.ஐ.க்கு அது ஏறக்குறைய 25. அந்த நிலையில் டயர் ஏற்கெனவே கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் பங்குகளிடமும் ஒரு கோரிக்கை வைக்க வேண்டியிருக்கிறது. காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்குகளுக்கு விதித்த ஒழுங்கு. ஆனால் காற்றடிக்கும் இடத்தில் ஆளில்லை, குழாய் கசிகிறது, மெஷின் ரிப்பேர் என்ற பதிலைக் கேட்காத காரோட்டி நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. நைட்ரஜனுக்குத் தனியாக ஒரு கூண்டு வைத்துக் காசு வாங்கும் இடத்தில், பக்கத்திலேயே இலவசக் காற்று மெஷின் மாதக்கணக்கில் மூடிக்கிடப்பது நியாயமில்லை. கேட்பவர்கள் கூடினால் திறப்பார்கள். அதுவரை, சில நூறு ரூபாய்க்கு நல்ல பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்வது நான்கு டயருக்கு நைட்ரஜன் அடிப்பதைவிட நல்ல செலவு.

தினமும் ஓடும் காருக்குச் சாதாக் காற்றே போதும், மாதம் ஒருமுறை பார்த்தால். மாதக்கணக்கில் நிற்கும் வீட்டுக் காருக்கு நைட்ரஜன் அடிக்கலாம், இரண்டு முறை இறக்கி ஏற்றச் சொல்லி, கிளம்பும் நாள் காலையில் கேஜ் வைத்துப் பார்த்தால். நான் தயங்காமல் நைட்ரஜன் சொல்வது ஸ்டெப்னிக்கு மட்டும்தான். டிக்கியின் அடியில், பாய்க்குக் கீழே, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாமல் கிடக்கும் டயர் அது. கருவேல முள் ஏறிய இரவில் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்றிருக்காது. அதில் நைட்ரஜனை ஸ்டிக்கர் அளவுக்கு நான்கைந்து பி.எஸ்.ஐ. கூட்டி வைத்துவிட்டு, அடுத்த முறை வீல் அலைன்மென்ட் பார்க்கும்போது அதையும் வெளியே எடுத்து அளக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு கூடுதலை இறக்கிக்கொள்வது அரை நிமிட வேலை.